கொழும்பிலிருந்து மிரிஸ்ஸவுக்கு இரண்டு இரவுப் பயணம்: எதை முதலில் முடிவு செய்வது, எதைக் கடைசியில்

தெற்குக் கடற்கரைக்கு முதல் தடவை வாகனம் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் பெரும்பாலும் ரூமைத்தான் முதலில் புக் பண்ணுகிறார்கள். அப்புறம் அந்த ரூமுக்காக நாளை மாற்றி, நாளுக்காக நேரத்தை மாற்றிக் கடைசியில் தெற்கு அதிவேகப் பாதையின் கொட்டாவை வாயிலில் வாகன வரிசையில் நிற்கிறார்கள். ரூம் நான்காவது படி. அதற்கு முன்னால் முடிவு செய்ய மூன்று விஷயங்கள் இருக்கின்றன.

வெள்ளவத்தை, தெஹிவளை, கொட்டாஞ்சேனை பக்கமிருந்து சொந்தக் காரிலோ வாடகை வானிலோ நான்கைந்து பேர், இரண்டு இரவு என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

1. முதலில் மாதம்

தென்மேல் பருவக்காற்று மே மாதத்திலிருந்து செப்டெம்பர் வரை தென்மேற்குக் கரையை நேராக அடிக்கும். அந்த மாதங்களில் ஹிக்கடுவையிலிருந்து மிரிஸ்ஸ வரை கடல் கலங்கிக் கிடக்கும், அலை கரையோடு மோதும், பல கடைகளும் படகுகளும் ஓய்வெடுக்கும். டிசம்பரிலிருந்து ஏப்ரல் நடு வரை கடல் அடங்கி, தண்ணீர் தெளிந்திருக்கும். குளிக்கப் போகிறவர்களுக்கு இதுதான் காலம்.

ஒக்டோபர், நவம்பரில் காலை நன்றாக இருந்தாலும் பின்னேரம் இடியோடு மழை பிடிப்பது வழக்கம். நவம்பர் கடைசியில் போவதென்றால் கடல் வேலைகளைக் காலையில் முடித்துக்கொள்ளுங்கள்.

ஓகஸ்ட் பள்ளிக்கூட லீவில்தான் போக முடியும் என்பவர்களுக்குக் கிழக்குக் கரை சரி. பாசிக்குடா, நிலாவெளி எல்லாம் அப்போதுதான் அமைதியாக இருக்கும். ஆனால் அவை கொழும்பிலிருந்து அரைநாள் ஓட்டம். இரண்டு இரவுக்காக அந்தத் தூரம் போய்வருவது ஓட்டுகிறவருக்குத் தண்டனை. மூன்று இரவாவது கிடைத்தால் மட்டும் யோசியுங்கள்.

2. அடுத்தது நாள்

நாட்காட்டியில் போயா தினத்தை, அதாவது பௌர்ணமி விடுமுறையை, பாருங்கள். போயா வெள்ளியிலோ திங்களிலோ வந்தால் அது நீண்ட வார இறுதி. கொழும்பில் பாதிப் பேர் தெற்குக்குத்தான் இறங்குவார்கள், ரூம் விலையும் ஏறும். போயாவன்று நாடு முழுவதும் மதுபான விற்பனை கிடையாது, ஹோட்டல்களும் விற்க முடியாது. இரவுக் கொண்டாட்டத்தை நினைத்துப் போகும் நண்பர் கூட்டங்கள் இதைக் கவனிக்காமல் போய்ப் பார் பூட்டியிருப்பதைக் கண்டு முகம் சுருங்கி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு அதே போயா இரவு அமைதியானது, அவர்கள் தாராளமாகப் போகலாம்.

சித்திரைப் புத்தாண்டு நாட்களையும் தவிர்ப்பது நல்லது. ஊர்க்காரர்கள் தங்கள் வீடுகளில் கொண்டாடுவதால் சோற்றுக் கடைகள் பல பூட்டியிருக்கும்.

என் தெரிவு ஞாயிறு போய்ச் செவ்வாய் திரும்புவது. ரூம் மலிவு, கரையில் நடக்க இடமிருக்கும், திரும்பும் வழியும் காலி. லீவு எடுக்க முடியாதவர்கள் வெள்ளி அதிகாலையில் புறப்பட்டு ஞாயிறு மதியம் திரும்புங்கள். வெள்ளி பின்னேரம் வேலை முடிந்து நேராகக் கிளம்பும் திட்டம்தான் எல்லாவற்றிலும் மோசம். ஹைலெவல் வீதியிலேயே அன்றைய தெம்பெல்லாம் போய்விடும்.

3. ஒரே ஒரு ஊர்

இரண்டு இரவில் ஹிக்கடுவை, உனவட்டுன, மிரிஸ்ஸ மூன்றையும் பார்த்துவிட வேண்டும் என்று திட்டம் போடுகிறவர்கள் பெட்டியைக் கட்டுவதிலும் அவிழ்ப்பதிலுமே லீவைத் தொலைக்கிறார்கள். ஓர் ஊரில் தங்குங்கள், மற்றதை ஒரு மணித்தியாலச் சுற்றாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஹிக்கடுவை கிட்ட இருக்கிறது. அதிவேகப் பாதையில் பத்தேகமவில் இறங்கலாம். பவளப்பாறைப் பக்கம் தண்ணீர் அடங்கியிருக்கும், ஆமைகள் கரைக்கே வரும். ஆனால் காலி வீதி கடற்கரைக்குப் பின்னாலேயே ஓடுவதால் பஸ் ஹோர்ன் இரவிலும் கேட்கும். உனவட்டுனவுக்குப் பின்னதுவவில் இறங்க வேண்டும். குடா சின்னது, காலிக் கோட்டை பக்கத்தில், வயதானவர்களோடு போக ஏற்றது. வெலிகமவுக்குக் கொக்மாதுவ. மணல் தரை, சீரான அலை, எனவே அலைச்சறுக்குப் பழகுகிறவர்கள் அங்கேதான் தொடங்குவார்கள்.

மிரிஸ்ஸ வெலிகமவுக்கு அடுத்தது. இரவில் கலகலப்பு, காலையில் திமிங்கிலம் பார்க்கப் போகும் படகு, வெலிகம அலை பத்து நிமிடத்தில், பிள்ளைகள் குளிக்கப் பொல்ஹேன அரை மணித்தியாலத்துக்குள். கூட்டத்தில் ஆளுக்கொரு ஆசை இருந்தால் எல்லாருக்கும் ஏதாவது கிடைக்கும் என்பதால் நான் மிரிஸ்ஸவைத்தான் சொல்வேன். இனிச் சொல்வதெல்லாம் அதை வைத்துத்தான்.

4. இப்போது ரூம்

இணையத்தில் பார்த்துப் பிடித்ததும் பணம் கட்டிவிடாதீர்கள். ஒருமுறை தொலைபேசியில் கதையுங்கள். படத்தில் வராத விஷயங்கள் அப்போதுதான் வெளிவரும்.

முதல் கேள்வி, பிரதான வீதியைக் கடக்காமல் கடலுக்குப் போகலாமா என்பது. "கடலுக்கு இரண்டு நிமிடம்தான் சேர்" என்பார்கள். அந்த இரண்டு நிமிடத்துக்குள் மாத்தறை பஸ்கள் பறக்கும் வீதி இருந்தால், ஈரக்காலோடு பிள்ளைகளைத் தனியே விட முடியாது.

இரண்டாவது, பாட்டுப் போடும் கடற்கரைக் கடைகள் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்று கேளுங்கள். கலகலப்பைத் தேடிப் போகிறோம், சரி. ஆனால் அதன் நடுவில் தூங்கத் தேவையில்லை. கரையிலிருந்து ஐந்து நிமிடம் உள்ளே தள்ளிய வீட்டில் மேல்மாடி ரூம் கிடைத்தால் அதுதான் நல்லது. காற்று வரும், சத்தம் குறையும், விலையும் குறைவு.

மூன்றாவது, வாகனம் வளவுக்குள் நிற்குமா? சில இடங்களில் ஒழுங்கை அவ்வளவு குறுகல், வான் திரும்பாது. வளவுக்குள் தென்னை மரம் இருந்தால் அதன் கீழே விடாதீர்கள். குரும்பை விழுந்தாலே கண்ணாடி போய்விடும்.

அப்புறம் மின்சாரம் நின்றால் ஜெனரேட்டர் உண்டா, சூடான தண்ணீர், காலைச் சாப்பாடு, வரியும் சேவைக் கட்டணமும் சொன்ன விலைக்குள் அடக்கமா என்பவை. ஒத்துக்கொண்டதை வட்சப்பில் ஒரு வரியாக எழுதி அனுப்பச் சொல்லுங்கள். போய் இறங்கிய பிறகு விலை பேசும் சங்கடம் இருக்காது.

5. வாகனமும் கடதாசிகளும்

சாரதி அனுமதிப்பத்திரம், வாகன வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி அட்டை மூன்றும் செல்லுபடியானவையா என்று ஒரு வாரம் முன்பே பாருங்கள். வாடகை வாகனம் என்றால் வாடகை ஒப்பந்தத்தின் பிரதியையும் கேட்டு வாங்குங்கள், வழியில் நிறுத்திக் கேட்டால் காட்ட வேண்டும். எடுக்கும்போது நாலு பக்கமும் வீடியோ எடுத்து வையுங்கள். தேசிய அடையாள அட்டை வயதுவந்த எல்லாருக்கும் வேண்டும், தங்குமிடத்தில் பதியக் கேட்பார்கள்.

டயர் காற்றை முதல்நாளே சரிபாருங்கள், மேலதிக டயரையும் சேர்த்து. நகரத்தில் 30, 40 வேகத்தில் ஓடும்போது தெரியாத குறை 100இல் தெரியும். காற்றுக் குறைந்த டயர் வேகத்தில் சூடேறி வெடிப்பதற்குக் காரணம், அதன் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடிந்து நிமிர்வதுதான். வைப்பர் ரப்பரும் நன்றாக இருக்க வேண்டும்.

பெற்றோல் அல்லது டீசலை அதிவேகப் பாதையில் ஏறுமுன் நிரப்பிவிடுங்கள்.

6. ஏறும் இடமும் நேரமும்

வெள்ளவத்தைக்காரர்கள் நுகேகொடை, மஹரகம வழியாகக் கொட்டாவைக்குப் போகலாம். தெஹிவளை, கல்கிசை பக்கமென்றால் பிலியந்தலை, கெஸ்பேவ வழியாகக் கஹதுடுவவில் ஏறுவது பல நேரங்களில் இலகு. கொட்டாஞ்சேனை, வத்தளைக்காரர்கள் நகரத்துக்குள் வரவே தேவையில்லை. கட்டுநாயக்க அதிவேகப் பாதையில் ஏறிக் கெரவலப்பிட்டியில் வெளிச்சுற்றுப் பாதைக்கு மாறினால், கடவத்தை, கடுவெல தாண்டி நேராகத் தெற்குப் பாதையில் சேரலாம். தூரம் கூட, ஆனால் ஒரு சிக்னலும் இல்லை.

நேரம் காலை 5.30. வீட்டை விட்டு வாகனம் உருள வேண்டிய நேரம் அது, எழும்புகிற நேரம் அல்ல. ஆறரைக்குப் பிறகு பாடசாலை வான்கள் வீதியை நிறைத்துவிடும். அதிவேகப் பாதை சீராகவே ஓடும். கொட்டாவையிலிருந்து காலிக்கான பின்னதுவ வரை 95 கிலோமீற்றர், ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். பயண நேரத்தைத் தீர்மானிப்பது வீட்டிலிருந்து கொட்டாவை வரையிலான துண்டுதான். கூகுள் மெப் முதல்நாள் இரவு காட்டும் நேரத்தை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

ஏறும்போது தரும் டிக்கெட்டை ஒரே இடத்தில் வையுங்கள், இறங்கும்போது அதைப் பார்த்துத்தான் கட்டணம். கையில் சில்லறையோடு காசு வைத்திருங்கள்.

உச்ச வேகம் 100. மழை பிடித்தால் 60க்கு இறக்குங்கள். புதுசாக ஓட்டுகிறவர்கள் தவறுவது வேகத்தில் மட்டுமல்ல, இடைவெளியிலும்தான். முன்னால் போகும் வாகனம் ஓர் அடையாளத்தைத் தாண்டியதும் மூன்று வினாடி எண்ணுங்கள். எண்ணி முடிக்குமுன் நீங்கள் அந்த இடத்துக்கு வந்துவிட்டால் கிட்டப் போய்விட்டீர்கள். பின்சீட்டில் இருப்பவர்களும் பெல்ட் போட வேண்டும், அம்மம்மாவும் சேர்த்து.

ஓரத்தில் நிறுத்திப் படம் எடுக்கவே கூடாது. வாகனம் பழுதானால் நான்கு விளக்கையும் எரியவிட்டு, எல்லாரும் இறங்கிக் காவல் வேலிக்கு அப்பால் நில்லுங்கள். பின்னால் வரும் தூக்கக் கலக்க சாரதிக்கு நிற்கும் வாகனமும் ஓடும் வாகனமும் ஒன்றுபோலத் தெரியும். ஓய்வுக்கு வெலிப்பன்ன ஓய்விடம் இருக்கிறது. கழிவறை, சாப்பாடு எல்லாம் அங்கே முடித்துக்கொள்ளலாம்.

கொக்மாதுவவில் இறங்கியதும் நகர வேகத்துக்கு மனத்தை மாற்றுங்கள். ஒரு மணித்தியாலம் 100இல் ஓடிய கண்ணுக்கு 70 ஊர்வது போலிருக்கும். வெலிகமவை அடையும்வரை வேகமானியைப் பார்த்தே ஓட்டுங்கள்.

7. போய்ச் சேர்ந்த முதல் நாள்

காலை எட்டரைக்குச் சேர்ந்தாலும் ரூம் மதியம்தான் கிடைக்கும். குளியல் உடுப்பு, துவாய், ஒரு மாற்று உடுப்பு மூன்றையும் பெரிய பெட்டிக்குள் போடாமல் தனிப் பையில் எடுங்கள். பெட்டிகளைத் தங்குமிடத்தில் ஒப்படைத்துவிட்டு நேராகக் கடலுக்குப் போகலாம். 11 மணிக்கு வெயில் ஏறுமுன் ஒரு குளியல் முடிந்துவிடும். மதியம் தூங்குங்கள். அதிகாலையில் எழும்பி ஓட்டியவருக்கு அன்று மறுபடி சாவியைக் கொடுக்காதீர்கள்.

8. கடலில் இறங்குமுன்

இந்தப் பகுதியை மட்டும் தயவுசெய்து அவசரமில்லாமல் வாசியுங்கள்.

கொழும்பிலிருந்து போகிறவர்களில் பலருக்கு நீச்சல் தெரியாது, இடுப்பளவு தண்ணீரில் நிற்போம் என்றுதான் இறங்குகிறார்கள். ஆபத்து ஆழத்தில் மட்டும் இல்லை. அலை கரையில் கொண்டுவந்து கொட்டும் தண்ணீர் ஏதாவது ஒரு வழியால் திரும்பிப் போக வேண்டும். அது ஒரு குறுகிய வாய்க்கால் போலக் கடலுக்குள் இழுக்கும். அந்த இடத்தில் அலை உடைவது குறைவு, தண்ணீர் சற்றுக் கருமையாக, அமைதியாகத் தெரியும். இரண்டு பக்கமும் வெள்ளை நுரை, நடுவில் மட்டும் நுரை இல்லை. "இங்கே அலையில்லை, வாங்கோ" என்று பிள்ளைகளைக் கூட்டிப் போவது அந்த இடத்துக்குத்தான். இறங்குமுன் பத்து நிமிடம் கரையில் நின்று அலை எங்கே உடைகிறது, எங்கே உடையவில்லை என்று பாருங்கள்.

இழுபட்டுவிட்டால் கரையை நோக்கி நீந்தி மல்லுக்கட்டாதீர்கள். சில நிமிடத்தில் கை ஓய்ந்துவிடும். கரைக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டில் நீந்தினால் அந்த வாய்க்காலை விட்டு வெளியே வரலாம், அப்புறம் அலையே கரைக்குத் தள்ளும். நீந்தத் தெரியாவிட்டால் மல்லாந்து மிதந்து ஒரு கையைத் தூக்குங்கள். கரையில் இருப்பவர் பின்னால் குதிக்கக் கூடாது, மிதக்கும் எதையாவது எறிந்துவிட்டு உயிர்காப்பாளரைக் கூப்பிட வேண்டும்.

சிவப்புக் கொடி பறந்தால் தண்ணீரில் இறங்கவே வேண்டாம். சிவப்பும் மஞ்சளுமான இரண்டு கொடிகள் நட்டிருந்தால் அவற்றுக்கு இடையில்தான் உயிர்காப்பாளரின் கண் இருக்கும், அங்கேயே குளியுங்கள்.

நம் பெண்கள் சல்வாரோடும், சில அன்ரிமார் சேலையோடும் இறங்குவார்கள். நனைந்த நீளத்துணி காலில் சுற்றும், துப்பட்டா கழுத்தில் சுற்றும், எடையும் பல மடங்காகும். உடல் மறைய வேண்டுமென்றால் இறுக்கமான முழுக்கை டீசேர்ட்டும் லெகின்ஸும் போதும். ஆண்களின் ஜீன்ஸுக்கும் இதே கதைதான்.

சின்னப் பிள்ளைகளை மிரிஸ்ஸ பெரிய கரையில் விடுவதைவிட, மாத்தறைக்குச் சற்று முன்னால் பொல்ஹேனவுக்குக் கூட்டிப் போங்கள். அங்கே பாறைத்தொடர் அலையைத் தடுத்துக் கரையோரம் ஆழமில்லாத குளம் போல விட்டிருக்கிறது. பாறைப் பக்கம் கடல் முள்ளெலிகள் உண்டு, காலில் செருப்பு இருக்கட்டும். பவளப்பாறையின் மேல் ஏறி நிற்காதீர்கள். அது உயிருள்ளது, காலும் வெட்டுப்படும்.

9. திமிங்கிலப் படகு

இதை இரண்டாம் நாள் காலைக்கு வையுங்கள். முதல் நாள் வைத்தால் கொழும்பிலிருந்து நள்ளிரவில் புறப்பட வேண்டும். கடைசி நாள் வைத்தால் படகில் வாந்தியெடுத்தவரோடு நீண்ட ஓட்டம் ஓட வேண்டும்.

படகுகள் மிரிஸ்ஸ மீன்பிடித் துறைமுகத்திலிருந்து காலை ஆறரை போலக் கிளம்பும். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரைதான் காலம். தெவுந்தரமுனைப் பக்கம் கண்டத்திட்டு மிக ஒடுக்கமானதால் ஆழ்கடல் கரைக்கு அருகிலேயே தொடங்குகிறது, நீலத் திமிங்கிலங்களை இவ்வளவு கிட்டப் பார்க்க முடிவது அதனால்தான். ஆனாலும் நிச்சயம் கிடையாது. பிள்ளைகளிடம் அதை முன்பே சொல்லிவிடுங்கள்.

கடல் குமட்டலுக்கான மாத்திரையைப் படகில் ஏறிய பிறகு போட்டுப் பயனில்லை. அரை மணித்தியாலமாவது முன்னால் போட வேண்டும். வெறும் வயிறும் கூடாது, நிறைந்த வயிறும் கூடாது. இரண்டு துண்டு பாணும் வாழைப்பழமும் போதும். படகின் நடுப்பகுதியில், கீழ்த்தட்டில் இருங்கள், ஆட்டம் அங்கேதான் குறைவு. எல்லாருக்கும் உயிர்காப்பு அங்கி கட்டிவிடாத படகில் ஏறாதீர்கள். படகோட்டியை "இன்னும் கிட்டப் போங்கோ" என்று நெருக்காதீர்கள். துரத்தினால் திமிங்கிலம் மூழ்கிவிடும்.

10. சாப்பாடு

பின்னேரம் கடற்கரைக் கடைகள் மணலில் மேசை போட்டு, ஐஸ் மேல் மீன் அடுக்குவார்கள். பாரை, அறக்குளா, கணவாய், இறால் எல்லாம் இருக்கும். கண் துருத்திக்கொண்டு தெளிவாக இருக்கிறதா, செவுள் சிவப்பா, விரலால் அமுக்கினால் பள்ளம் உடனே எழும்புகிறதா என்று பாருங்கள். பிறகு உங்கள் முன்னால் நிறுக்கச் சொல்லி, மொத்த விலையைக் கேட்டு, சோறோ சிப்ஸோ அதற்குள் அடக்கமா என்றும் கேட்டுவிட்டுத்தான் அடுப்புக்கு அனுப்ப வேண்டும். வெந்த மீனுக்கு விலை பேச முடியாது.

மதியத்துக்கு வீதியோரச் சோற்றுக் கடைகள் மலிவும் ருசியும். சைவக்காரர்கள் ஒன்றைக் கவனியுங்கள். தெற்கில் தேங்காய்ச் சம்பலிலும் சில மரக்கறிகளிலும் மாசிக் கருவாடு போடுவார்கள், அதை மீன் என்று அவர்கள் கணக்கெடுப்பதில்லை. "மீன் வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் மாசிச் சம்பல் இலைக்கு வந்துவிடும். "உம்பலகட நெதுவ" (மாசி இல்லாமல்) என்று சிங்களத்தில் சொல்லுங்கள், உடனே விளங்கும். வெள்ளிக்கிழமை விரதக்காரர்கள் அன்றைய சாப்பாட்டை வீட்டிலிருந்து பார்சலாகக் கட்டிப் போவது இன்னும் நிம்மதி.

11. இரவு

குடிக்கிற கூட்டமென்றால் அன்று சாவி யாரிடம் என்பதை மாலையே முடிவு செய்யுங்கள். காலி வீதியில் இரவில் பொலிஸ் சோதனை வழக்கம். அதைவிட, இருட்டில் வீதியோரம் சைக்கிளிலும் நடந்தும் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஓட்டோ பிடிப்பதென்றால் ஏறுமுன் விலை பேசுங்கள்.

இருட்டிய பிறகு யாரும் கடலில் இறங்கக் கூடாது என்பதைக் கூட்டத்தின் விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாருடைய கைபேசியிலும் 1990 அம்பியூலன்ஸ், 119 பொலிஸ், தங்குமிடத்தின் இலக்கம் மூன்றும் இருக்கட்டும்.

12. திரும்பும் நாள்

ஞாயிறு திரும்புகிறவர்கள் மதியம் ஒரு மணிக்கு முன்னால் மிரிஸ்ஸவை விடுங்கள். பின்னேரம் நான்கு மணிக்கு மேல் தெற்கிலிருந்து எல்லாரும் ஒன்றாக ஏறுவார்கள், கொட்டாவை வாயிலில் வரிசை நீளும். "கடைசியாக ஒரு குளியல்" என்பதுதான் இந்தத் திட்டத்தைக் குலைக்கும். அந்தக் குளியலைக் காலை ஏழு மணிக்கு வைத்துவிடுங்கள்.

மதியச் சாப்பாட்டை வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஓட்டாதீர்கள். நேரான பாதை, ஏசி, நிறைந்த வயிறு மூன்றும் சேர்ந்தால் கண் தானாக மூடும். போகும்போது ஓட்டாதவர் வரும்போது ஓட்டட்டும். கொட்டாவி வந்தால் வெலிப்பன்னவில் இருபது நிமிடம் சீட்டைச் சாய்த்துத் தூங்கிவிட்டு ஏறுங்கள்.

வீட்டுக்கு வந்த மறுநாள் வாகனத்தைக் கழுவக் கொடுக்கும்போது, அடிப்பக்கத்தையும் சக்கர உள்வளைவையும் நல்ல தண்ணீரால் அடிக்கச் சொல்லுங்கள். உப்புக் காற்றில் இரண்டு இரவு நின்ற வாகனம் மேலே பளபளத்தாலும், துரு கீழிருந்துதான் தொடங்கும். மிதியடிகளை வெளியே எடுத்து மணலைத் தட்டி, காயவைத்துவிட்டுப் போடுங்கள்.